தங்கரத்தினம் அடித்த முட்டைக் கோப்பி

கலியாணம் முடிந்த நாலாம் நாள் பின்னேரம், யோகலிங்கத்தின் தமக்கை அன்னலட்சுமி குசினிக்குள் வந்து புதுப்பெண்ணின் கையில் ஒரு முட்டையை வைத்தாள்.

“இதை உடைச்சுச் சீனி போட்டு நுரை பொங்குமட்டும் அடி. கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை விட்டுக் கலக்கு. கடைசியிலை இதிலை ரெண்டு விரல் விடு.”

சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த சாராயப் போத்தலை அடுப்படியில் வைத்தாள். ரெண்டு விரல் என்றால், கிளாஸின் பக்கத்தில் விரலைப் படுக்கவைத்து அளக்கிற உயரம்.

தங்கரத்தினம் பதறிப்போனாள். “என்ன மச்சாள், அவர் குடிக்கிறவரோ?”

“அடி விசரி! இது குடியே? இது மருந்து. கப்பலின்ரை தொட்டிக்குள்ளை பூந்து நாள் முழுக்கத் துரு தட்டுற ஆம்பிளை. உடம்பிலை சூடு இல்லாட்டி பிள்ளை எப்பிடி நிக்கும்? எங்கடை அம்மா அப்பாவுக்கு இதைத்தான் குடுத்தவ. பார், நாங்கள் ஏழு பேர்.”

ஏழு பேரையும் சாட்சிக்கு நிறுத்திச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? தங்கரத்தினத்துக்கு அப்போது வயது இருபத்தொன்று. கிளிவெட்டியில் வயலோடும் மாட்டோடும் வளர்ந்தவள். மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டிவருவது அந்தப் பக்கத்து வழக்கம் என்பதால், அவளுடைய தகப்பன் திருகோணமலை டவுனில், மட்டிக்களியில், ஒரு ஓட்டு வீட்டை அவள் பேரில் எழுதியிருந்தார். புருஷன் இங்கிலீஸ்காரனின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் நிரந்தர வேலைக்காரன். இனி வேண்டியது ஒரு பிள்ளை. அது வந்துவிடும் என்பதில் 1951ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

யோகலிங்கம் நல்ல மனுஷன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கை நீட்ட மாட்டான், வாய் நீட்ட மாட்டான். டொக்யாட்டில் அவனோடு வேலைசெய்தவர்களில் பாதிப்பேர் சம்பள நாளில் சாராயத் தவறணையில் விழுந்து கிடக்க, அவன் சைக்கிளை நேரே வீட்டுக்கு விடுவான். “நான் குடிக்கிறேல்லை, வீட்டிலை மனுசி கோப்பி வச்சிருப்பா” என்று பெருமையாகச் சொல்வானாம். அதைக் கேட்டுத் தங்கரத்தினத்துக்கும் பெருமை.

முதல் வருஷம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷமும் இல்லை. அன்னலட்சுமி வந்து கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது காணாது, மூண்டு விரல் விடு” என்றாள். தங்கரத்தினம் மூன்று விரல் விட்டாள். நாலாம் வருஷம் தானாகவே நாலாக்கினாள். பின்னேரம் மட்டும் கொடுத்தது போய், விடியவும் வேலைக்குப் போகமுதல் ஒன்று என்றானது. பிள்ளை வராத ஒவ்வொரு வருஷமும் அந்தக் கிளாஸில் சாராயம் ஏறியது, கோப்பி இறங்கியது. இங்கிலீஸ்காரன் டொக்யாட்டை விட்டுப்போன 1957இல் யோகலிங்கம் துறைமுகத்துச் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு மாறினபோது, அவன் குடித்ததைக் கோப்பி என்று சொன்னால் கோப்பிக்கே கோபம் வரும்!

அந்த வருஷங்களில்தான் மற்றது தொடங்கியது. எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டுத்தானே ஒரு மனுஷியின் வாழ்க்கை நாசமாய்ப் போனது. யோகலிங்கத்துக்குப் படுக்கையில் ஏலாமல் போனது. முதலில் எப்போதாவது ஒருநாள். பிறகு அடிக்கடி. பிறகு, ஏலுகிற நாள்தான் எப்போதாவது என்றானது. ஆசை இல்லாமல் இல்லை. கையை நீட்டுவான், கொஞ்ச நேரத்தில் மூச்சை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். “களைப்பு” என்பான். தங்கரத்தினம் அவன் முதுகைப் பார்த்தபடி கிடப்பாள். தன் உடம்பிலே ஏதோ பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதை நினைப்பாள்? அடுத்த நாள் இன்னும் ஒரு முட்டையைக் கூட்டி அடித்தாள்.

முப்பத்தைந்து வயதிலேயே அவன் நெஞ்சு பெண்பிள்ளைக்குப் போல வீங்கியது. கிணற்றடியில் சட்டையைக் கழற்றாமலே குளித்தான். சவரம் செய்யாமல் நாலு நாள் விட்டாலும் கன்னத்தில் மயிர் பெரிதாக இருக்காது. துறைமுகத்தில் எவனோ பகிடி பண்ணப்போய், ஒருநாளும் சண்டைக்குப் போகாதவன் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் “கோப்பியைத் தா” என்றான்.

ஊர் சும்மா இருக்குமா? மலடி என்ற சொல் மெதுவாக வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் வந்தது, பிறகு முகத்துக்கு நேரே வந்தது. கலியாண வீடுகளில் பலகாரம் சுட அவளைக் கூப்பிட்டார்கள், மணப்பொம்பிளைக்குப் பூ வைக்கக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனாள். “பிள்ளை நித்திரை” என்று வாசலிலேயே சொன்னார்கள். பிள்ளை உள்ளே வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அன்றைக்கு வந்து அம்மி மேலே குந்தியிருந்து அழுதாள். ஒரு பிள்ளை, ஒரேயொரு பிள்ளை, நொண்டியோ முடமோ, அந்தச் சொல்லை என்னிலிருந்து எடுத்துப்போட ஒன்று போதும் என்று அழுதாள்.

1960இல் மூதூரில் அப்துல் மஜீத் பரியாரியார் என்ற நாட்டு வைத்தியர் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு, லோஞ்ச் படகில் ஏறித் தனியாகப் போனாள். யோகலிங்கம் வர மறுத்துவிட்டான். பரியாரியார் வயதானவர், வெள்ளைத் தொப்பி, நிதானமான பேச்சு. அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மாசம் ஒழுங்கோ, வயிற்று நோவு உண்டோ என்று கேட்டார். பிறகு கேட்டார்:

“தங்கச்சி, உங்கட மாப்பிள்ளை குடிக்கிறவரா?”

“இல்லை பரியாரியார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெக்கப்பட வேணாம். குடி இருந்தால் ஆம்பிளைட விந்து கெட்டுப்போகும். நான் என்ன லேகியம் தந்தாலும் வேலை செய்யாது.”

“ஐயோ, அந்தப் பழக்கமே கிடையாது. தவறணைப் படி மிதிச்சதில்லை அவர்.”

பொய் சொல்லவில்லை அவள். சத்தியமாக நம்பித்தான் சொன்னாள். வீட்டில் மனைவி கையால் கொடுக்கிற முட்டைக் கோப்பி மருந்து. தவறணையில் காசு கொடுத்து வாங்குவதுதான் குடி. அவள் மட்டுமா, அந்தத் தெருவிலே எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பரியாரியார் தலையாட்டி, ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்து அனுப்பினார். அந்த லேகியத்தை அவள் எதில் கரைத்துக் கொடுத்தாள் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த ஒரு பதிலில் ஒன்பது வருஷம் போனது.

1969 ஆடியில் அன்னலட்சுமி வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். தம்பிக்கும் கேட்கத்தான் சொன்னாள். “தங்கம், நான் ஒளிச்சுக் கதைக்கிறவள் இல்லை. வாற சித்திரைக்குள்ளை உன்ரை வயித்திலை ஒண்டு இல்லாட்டி, தம்பிக்கு நான் வேறை இடம் பார்க்கிறன். உங்கடை கலியாணம் பதிஞ்சதும் இல்லை. எங்கடை அப்பாவின்ரை பேர் அழியவிட ஏலாது.”

யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். தங்கரத்தினத்துக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் எத்தனை மாசம் தனக்கு மிச்சம் என்று அவளுக்கே பயம். டவுனில் புதிதாக ஒரு டொக்டர் டிஸ்பென்சரி திறந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு டொக்டரம்மா பரிசோதித்து, “உங்களில் குறை இல்லை, அவரைக் கூட்டிவாங்கோ” என்று சொன்னதை அவள் புருஷனிடம் சொல்லவே பயந்திருந்தாள். இப்போது அவன் காலைப் பிடித்தாள். உண்மையாகவே நிலத்தில் விழுந்து பிடித்தாள். “ஒருக்கால் வாங்கோ. ஒரேயொரு தரம். எனக்காக.”

வந்தான். டொக்டர் பரிசோதித்தார், உடுப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார், விந்தை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். நாலு நாளைக்குப் பிறகு இரண்டு பேரையும் முன்னால் இருத்தினார்.

“எவ்வளவு காலமாய்க் குடிக்கிறீர்?”

“நான் குடிக்கிறேல்லை ஐயா. வீட்டிலை முட்டைக் கோப்பி மட்டும்தான்.”

“கோப்பியிலை என்ன விடுறீங்கள், அம்மா?”

தங்கரத்தினம் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்தாள். ஒரு கையின் நாலு விரலையும் அடுக்கி, அதற்கு மேலே மற்றக் கையின் இரண்டு விரலையும் வைத்துக் காட்டினாள். கிளாஸில் மிச்சமாய் இருந்தது ஒரு விரலுக்குக் கொஞ்சம் கூட.

“ஒரு நாளைக்கா?”

“விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஞாயிறெண்டால் மத்தியானமும்.”

டொக்டர் கிளாஸை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு ஏசாமல், பதமாகத்தான் சொன்னார். இவ்வளவு சாராயம் இத்தனை வருஷம் உடம்பில் இறங்கினால், ஆணுக்குரிய சுரப்பு வற்றிப்போகும், விதை சுருங்கும், நெஞ்சு வீங்கும், ஆசை இருந்தும் ஏலாமல் போகும், விந்தில் உயிர் இருக்காது. “சூடு ஏறுது எண்டு நினைச்சிருக்கிறியள். அம்மா, பிள்ளை வேணுமெண்டு நீங்கள் குடுத்ததுதான் பிள்ளையை வரவிடாமல் மறிச்சிருக்கு.”

அவள் தன் கையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம், ஒருநாள் தவறாமல், காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து போய் அடித்த கை. வெட்டிப் போடலாம் போல இருந்தது. கடவுளே, நானே! என்ரை கையாலையே! வேறு எவளாவது செய்வினை செய்திருந்தால்கூட அவளை ஏசி ஆறியிருப்பாள்.

“இனிமேல் ஒண்டும் செய்ய ஏலாதோ ஐயா?” என்று கேட்டவன் யோகலிங்கம்.

“ஏலும். ஒரு துளி கூடத் தொடக்கூடாது. அஞ்சாறு மாசத்திலை திரும்பி வரலாம். வராமலும் போகலாம். ஆனால் வீட்டிலை நிப்பாட்டாதேயும், உடம்பு தாங்காது. ஆஸ்பத்திரியிலை படுத்து நிப்பாட்டும்.”

ஆஸ்பத்திரியில் படுத்த இரண்டாம் நாளே டொக்டர் சொன்னது நடந்தது. வாட்டுக் கட்டிலில் யோகலிங்கம் வெடவெடவென்று நடுங்கினான். சுவர் முழுக்கக் கரப்பொத்தான் ஓடுகிறது என்று கத்தினான். நாலு பேர் பிடித்துக் கட்டிவைத்தார்கள். “தங்கம், ஒரு வாய் தா, உன்னைக் கும்பிடுறன்” என்று அழுதான். பார்க்க வந்தவர்களுக்கு அவள் “காய்ச்சல்” என்றாள். ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சொன்னால் அவன் ஆம்பிளை இல்லை என்று ஊர் சிரிக்கும். அவள் பேர் ஏற்கெனவே கெட்டது. அவன் பேராவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள், பேதை.

மூன்றாம் நாள் அன்னலட்சுமி பிளாஸ்க்கோடு வந்தாள். மூடியைத் திறக்க முட்டைக் கோப்பி மணத்தது. கட்டிலில் கிடந்தவன் மூக்கை விரித்துக்கொண்டு எழும்பினான். “என்ரை தம்பி எலும்பாய்ப் போனான், பார்த்துக்கொண்டு நிக்கிறாளே!” என்று அவள் மூடியில் ஊற்ற, தங்கரத்தினம் பாய்ந்து கையால் தட்டிவிட்டாள். கொதித்த கோப்பி அன்னலட்சுமியின் சேலையில் கொட்டியது. வாட்டே திரும்பிப் பார்த்தது.

“பிள்ளையும் பெறமாட்டாள், அவன்ரை வாய்க்குப் போறதையும் விடமாட்டாள்! நீயும் ஒரு பொம்பிளையோ?”

தங்கரத்தினம் குனிந்தாள். நிலத்தில் கிடந்த கோப்பியைத் துணியால் துடைத்தாள்.

அவன் விட்டான். சும்மா சொல்லக்கூடாது, விட்டவன் விட்டதுதான். எரிந்து விழுந்தான், நித்திரை இல்லாமல் முற்றத்தில் நடந்தான், இரண்டு தரம் தவறணை வாசல்மட்டும் போய்த் திரும்பி வந்தான். தங்கரத்தினம் அவனோடு கிடந்து மாய்ந்தாள். வெறும் கோப்பி, பால், மீன், முருங்கையிலை என்று ஊட்டி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சித்திரை வந்தபோது அன்னலட்சுமியின் காலில் விழுந்து இன்னும் ஒரு வருஷம் கேட்டாள். மச்சாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஒரு வருஷம்தான்” என்றாள்.

அந்த வருஷம் அவன் நெஞ்சு வடிந்தது. முகத்தில் தாடி வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பாமல் அவள் பக்கம் திரும்பினான். நாற்பது வயதில் அவளுக்குக் கலியாணம் முடித்த புதிது போல வெட்கம் வந்தது. டொக்டர் மறுபடி பார்த்துவிட்டுச் சிரித்தார். “உமக்குத் திரும்பி வந்திட்டுது. இனிக் கடவுள்விட்ட வழி” என்றார்.

1971 மாசியில் அவளுக்கு மாசம் தள்ளிப்போனது. பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். அவனிடம் சொன்னாள். அவன் உடனே சந்தைக்குப் போய், ஒரு பை நிறைய மாங்காயும் புளியும் வாங்கிவந்து வைத்தான். அவள் உப்பும் தூளும் போட்டு அத்தனை மாங்காயையும் தின்றாள். ஐம்பதாம் நாள் டொக்டரம்மாவிடம் போனார்கள். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், கேள்வி கேட்டார், சோதித்தார். தங்கரத்தினம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது பிள்ளை இல்லை, அம்மா. மாசம் நிக்கிற காலம். சிலருக்கு முந்தியே வந்திடும்.”

“இல்லை டொக்டரம்மா, வடிவாய்ப் பாருங்கோ. இன்னொருக்கால் பாருங்கோ. அவருக்கு இப்ப சுகம், எல்லாம் சுகம்...”

இன்னொருக்கால் பார்த்தார்கள். பிறகும் ஒன்றுதான். அவன் தேறி வந்த நேரத்தில் அவளுடைய காலம் முடிந்திருந்தது. எங்கே போய் முட்டுவது?

அன்னலட்சுமி தாமதிக்கவில்லை. நேசமலர் என்று இருபத்துநாலு வயதுப் பிள்ளை, தகப்பன் இல்லாதது, உப்புவெளியில் பார்த்து வைத்திருந்தாள். யோகலிங்கம் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். மூன்றாம் நாள் தங்கரத்தினத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

“நீ மாட்டன் எண்டால் நான் போகேல்லை.”

மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரவில்லை. பதினெட்டு வருஷம் அவன் பிள்ளைகளையெல்லாம் கிளாஸில் ஊற்றிக் கொன்றவள் தான் என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அன்னலட்சுமி சொல்லிக்கொடுத்ததையோ, அவன் நீட்டி வாங்கிக் குடித்ததையோ அவள் கணக்கில் எடுக்கவில்லை. “போங்கோ,” என்றாள். “நான் கெடுத்ததுக்கு நான்தான் அனுபவிக்கவேணும்.”

அவன் விம்மி அழுதான். “ஒரு பிள்ளை பிறக்கட்டும் தங்கம், அக்காவுக்கு எல்லாத்தையும் நான் சொல்லுறன். குறை என்னிலைதான் எண்டு சொல்லுறன். உனக்கு அந்தப் பேர் இருக்க விடமாட்டன்.”

வீடு அவளுடையது என்றபடியால் அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக்குப் போனான்.

1973 ஐப்பசியில் நேசமலருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றே முக்கால் கிலோ, கொழுகொழு என்று. செய்தி மட்டிக்களிக்கு வர அரைநாள் எடுக்கவில்லை. “பார்த்தியளே, குறை ஆரிலை எண்டு இப்ப விளங்குதே?” என்று தண்ணீர்க் குழாயடியில் தங்கரத்தினத்துக்குக் கேட்கவே சொன்னார்கள். முன்னர் சந்தேகப்பட்டவர்கள்கூட இப்போது சந்தேகப்படவில்லை. ஊருக்கு இனி வேறு சாட்சி எதற்கு? பிள்ளையே சாட்சி!

பிள்ளைபெற்ற துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள்வரை அவள் காத்திருந்தாள். அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். சொன்னானா? எங்கே சொன்னான்! முப்பத்தோராம் நாள் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, உப்புவெளிக்கு நடந்து போனாள். முற்றம் நிறையச் சனம். மடியில் பிள்ளையோடு இருந்த அன்னலட்சுமி அவளைக் கண்டதும் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“நல்லநாள் பெருநாளிலை இஞ்சை ஏன் வந்தனீ? மலடிக்கு என்ன அலுவல் இஞ்சை?”

யோகலிங்கம் தமக்கைக்குப் பின்னால் தூணோடு நின்றான். தங்கரத்தினம் அவனைத்தான் பார்த்தாள். வாழ்ந்த இருபது சொச்சம் வருஷத்தில் ஒருநாளும் அவன் பேரை வாயால் சொல்லாதவள், அத்தனை பேருக்கும் முன்னால் கூப்பிட்டாள்.

“யோகலிங்கம்! சொல்லும். வாயைத் திறந்து சொல்லும், குறை ஆரிலை இருந்ததெண்டு. டொக்டர் என்ன சொன்னவர் எண்டு சொல்லும்.”

நேசமலர் அறை வாசலில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான், தமக்கையின் மடியில் கிடந்த மகனைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். தங்கரத்தினம், இதோ சொல்லப்போகிறான் என்று ஒரு அடி முன்னே வைத்தாள்.

“தங்கம்,” என்றான். “வீட்டை போ.”

“கேட்டியே? போ!” என்றாள் அன்னலட்சுமி.

அவள் திரும்பினாள். படலையைத் தாண்டும்போது பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. “கெதியாய்ப் பிள்ளைக்கு நாவூறு கழியுங்கோ. மலடியின்ரை கண் பட்டிட்டுது.” தங்கரத்தினம் வேலிக்கு மேலால் திரும்பிப் பார்த்தாள். குசினிக்குள் ஓடிப்போய், உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து தமக்கையின் கையில் கொடுத்தவன் யோகலிங்கம்.